தேக்காவில் கீரை, புளோக்கடியில் பருப்பு: வூட்லண்ட்ஸ் குடும்பம் ஒன்றின் மளிகைக் கணக்கு

சித்தி மகள் என்னிடம் எதிர்பார்த்தது ஒரு வரிப் பதில். "ஃபேர்பிரைஸா, ஷெங் சியோங்கா, எது மலிவுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. இனிமே அங்கயே வாங்கிக்கிறோம்." பேரங்காடிகளுக்குச் சரக்கு இறக்கும் விநியோக நிறுவனம் ஒன்றில் நெடுநாளாக வேலை பார்க்கிறேன். அதனால் ஊர் விலையெல்லாம் எனக்கு மனப்பாடம் என்று சொந்தக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. இந்த வாரம் எண்ணெய் எங்கே மலிவு, முட்டை எங்கே மலிவு என்று கேட்டால் சொல்லிவிடலாம். வியாழக்கிழமை வந்தால் சலுகைப் பட்டியல் மாறிவிடும், என் பதிலும் பழசாகிவிடும். அதனால் கையில் இருக்கும் ரசீதுகளை எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு பழைய மைலோ டப்பா நிறைய வந்தன. பாதியில் மை மங்கிப் போயிருந்தது. மீதியே போதுமானதாக இருந்தது.

இந்தக் குடும்பத்தின் கணக்கை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. இதே பழக்கத்தைச் சிங்கப்பூரில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பார்த்திருக்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

வீடும் வழக்கமும்

வூட்லண்ட்ஸில் ஐந்தறை வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு. தங்கை ஒரு மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமையும் அரை நாள் போக வேண்டும். மாப்பிள்ளைக்கு செனோக்கோ பக்கம் ஷிஃப்ட் வேலை. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பெண், தொடக்கப் பள்ளியில் ஒரு பையன். மாமியாரை நான் அத்தை என்பேன். எழுபதைத் தாண்டியவர், அரசு 'மெர்டேக்கா தலைமுறை' என்று சலுகை தரும் வயதுக்காரர். சமையல் அவர் கையில், கல்லாப்பெட்டி தங்கை கையில். வீட்டில் கார் இல்லை. இந்தக் கடைசி விவரத்தைச் செலவுக் கணக்கு போடுகிற பலர் விட்டுவிடுகிறார்கள். கார் இல்லாத வீட்டில் எந்தக் கடை மலிவு என்பதைக் கையும் தோளும்தான் பாதி முடிவு செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போவார். முதலில் வீரமாகாளியம்மன் கோயில், பிறகு பஃபளோ ரோட்டுக் காய்கறிக் கடைகள், நேரம் இருந்தால் தேக்கா சந்தைக்குள் ஆட்டுக்கறி. வாரம் முழுவதற்குமான காய்கறி, கீரை, பழம் எல்லாம் அந்த ஒரே நடையில் வீட்டுக்கு வந்துவிடும். இழுத்துச் செல்லும் ட்ராலிப் பை ஒன்று, தோளில் துணிப்பை ஒன்று. பேத்தி கூடப் போனால் மூன்றாவது பை. மற்றதெல்லாம், அதாவது அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, சோப்பு, ரொட்டி, பால் ஆகியவை தீரத் தீரப் புளோக்குக்குப் பக்கத்தில் வாங்கப்படும். தங்கை வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பேரங்காடி, மாப்பிள்ளை இரவு ஷிஃப்ட் முடித்து வரும் வழியில் இன்னொன்று. அவசரத்துக்குக் கீழே மாமா கடை எனும் சின்ன மளிகைக் கடை.

பார்த்தால் ஒழுங்கான ஏற்பாடு போலத் தெரியும். குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டை இழுத்துப் பார்த்தபோதுதான் வேறு கதை தெரிந்தது. அன்று வியாழக்கிழமை. கொத்தமல்லிக் கட்டு பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கறுத்து, தொட்டால் கையில் ஒட்டுகிற பதத்தில் இருந்தது. தண்டுக்கீரை இரண்டு கட்டு, ஒன்று முழுக்க மஞ்சள். வெண்டைக்காய் முனை துவண்டு, தோலில் கரும்புள்ளி. முருங்கைக்காய் மட்டும் பிழைத்திருந்தது, அதுவும் நுனி காய்ந்து. அத்தை வாங்கியது நல்ல காய்தான். அவர் காய் வாங்கும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் ஒன்றைக்கூடப் பையில் போடமாட்டார். ஞாயிறு காலையில் அது முதல் தரம். திங்களும் செவ்வாயும் வீட்டில் ஒழுங்காகச் சமையல் நடக்கும். புதன்கிழமை தங்கைக்கு வேலை இழுத்துவிடும், பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு, சாப்பாடு ஹாக்கர் சென்டர் உணவுக் கடைகளிலிருந்து வரும். வாரக் கடைசியில் மிச்சக் காய் குப்பைத்தொட்டிக்குள் போகும்.

அதே வீட்டின் ரசீதுகளில் துவரம்பருப்பு அரைக் கிலோ பாக்கெட்டாக மாதத்துக்குப் பல தடவை வருகிறது. உளுந்தும் அப்படியே. எண்ணெய் ஒரு லிட்டர் போத்தல், மிளகாய்த்தூள் நூறு கிராம். அரிசி மட்டும் 5 கிலோ பை.

கெட்டுப்போகும் பொருளை வாரத்துக்கு ஒருமுறை, வீட்டிலிருந்து மிகத் தொலைவான கடையில், மொத்தமாக வாங்குகிறார்கள். கெடாத பொருளை அன்றாடம், வீட்டுக்கு மிக அருகே, சில்லறையாக வாங்குகிறார்கள். தலைகீழ் ஏற்பாடு. ஃபேர்பிரைஸா ஷெங் சியோங்கா என்ற கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் இந்தத் தலைகீழ் நிமிராது.

ஏன் இப்படி ஆனது

மூட்டையாக வாங்கத் தெரியாத குடும்பம் இல்லை இது. 2023 வரை 10 கிலோ பொன்னி மூட்டையும், டப்பா நிறையப் பருப்பும் இருந்த வீடுதான். அந்த ஆண்டு ஜூலை 20ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியதும் லிட்டில் இந்தியாவில் அரிசி மூட்டைகள் நகர ஆரம்பித்தன. மாப்பிள்ளையும் போய் மூட்டை மூட்டையாக வாங்கிப் பெண்ணின் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் வீட்டில் சாப்பிடுவது பொன்னிப் புழுங்கல். ஜூலைத் தடை பச்சரிசிக்குத்தான். புழுங்கலரிசிக்குத் தடை வரவே இல்லை. ஆகஸ்ட் 25இல் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி மட்டும் விதித்தார்கள், விலை கொஞ்சம் ஏறியது. சிங்கப்பூருடனான நெருங்கிய உறவைக் காரணம் காட்டி, இங்கு அரிசி அனுப்புவதற்கு அந்த ஆகஸ்ட் கடைசியிலேயே இந்தியா இசைந்துவிட்டது. இங்கும் அரிசி இறக்குமதியாளர்கள் கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயத் திட்டம் பல ஆண்டுகளாக உண்டு. அரிசி தீர்ந்துபோகும் நிலை வரவில்லை. 2024 செப்டம்பரில் தடையையும் நீக்கினார்கள், அக்டோபரில் புழுங்கலுக்கான வரியும் போனது.

அதற்குள் கட்டிலுக்கு அடியில் இருந்த மூட்டைகளில் வண்டு விழுந்துவிட்டது. நம் ஊர் ஈரக்காற்றில் திறந்த மூட்டை சில மாதம் தாங்குவதே பெரிது. அரிசியிலிருந்து பருப்புக்கு, பருப்பிலிருந்து ரவைக்கு. அத்தை எல்லா டப்பாவையும் கவிழ்த்துக் கொட்டி, வெயிலில் வைத்து, புடைத்து, கடைசியில் பாதியை எறிந்தார். "இனிமே இந்த வீட்டுல மூட்டை கிடையாது" என்று அன்று அவர் சொன்னது சட்டமாகிவிட்டது. ஒரு மாதத்துத் தேவையை வாங்குவதற்கும் ஆறு மாதத்துத் தேவையைப் பதுக்குவதற்கும் இடையில் இருந்த வித்தியாசம் அந்தக் கோபத்தில் அடிபட்டுப்போனது.

ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவுக்குக் காரணம் வேறு. அத்தைக்கு அது மளிகை மட்டும் இல்லை. கோயில், பூக்கடை, பழைய புளோக்கில் பக்கத்து வீட்டில் இருந்த அக்காவோடு ஒரு காப்பி. நியாயம்தான். ஆனால் அந்தப் பயணத்தின் செலவைக் காய்கறியின் மலிவில் ஈடுகட்டிவிட்டதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். "அங்க கட்டு என்ன விலை, இங்க பேரங்காடியில என்ன விலைன்னு பாருங்க தம்பி" என்பார். கட்டு விலை உண்மையிலேயே அங்கே குறைவு. வூட்லண்ட்ஸிலிருந்து லிட்டில் இந்தியா போய் வர ஓர் ஆளுக்கு எம்ஆர்டி ரயில் கட்டணம் மூன்று வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டும். மூத்தோர் சலுகையில் அத்தைக்குக் குறையும், பேத்திக்கு மாணவர் கட்டணம். அதைவிடப் பெரிய செலவு எறிந்த காய். மூன்று கட்டு வாங்கி ஒன்றை எறிந்தால், தின்ற இரண்டு கட்டும் ஒன்றரை மடங்கு விலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலேசியாவின் கேமரன் மலையிலிருந்தும் ஜோகூர்த் தோட்டங்களிலிருந்தும் வரும் காய்கறி லாரிகள் பல, வூட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாகத்தான் உள்ளே வருகின்றன. இரவோடு இரவாகத் தெற்கே பாசிர் பாஞ்சாங் மொத்தவிலை நிலையத்துக்குப் போகின்றன. அங்கிருந்து தேக்காவுக்கு. தேக்காவிலிருந்து அத்தையின் ட்ராலிப் பையில் மறுபடி வூட்லண்ட்ஸுக்கு. இதைச் சொன்னபோது மாப்பிள்ளை சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "முருங்கைக்காய் மலையிலிருந்தா வருது?" என்றார். அதுவும் சரி. முருங்கைக்காய், சுண்டைக்காய், அவரைக்காய் போன்றவை பெரும்பாலும் இந்தியாவிலிருந்து விமானத்தில் வருபவை. அவற்றுக்குத் தேக்காதான்.

கடைகளைப் பற்றி

அத்தை எந்தப் பேரங்காடிக்குப் போனாலும் "என்டியுசிக்குப் போறேன்" என்பார். அவர் வயதுக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். 1973இல் தோ பாயோவில் திறந்த என்டியுசி வெல்கம்தான் ஃபேர்பிரைஸின் தொடக்கம். லீ குவான் இயூ திறந்துவைத்தார். அப்போது விலைவாசி எகிறிக்கொண்டிருந்தது, வியாபாரிகள் பதுக்குகிறார்கள் என்ற புகார் எங்கும். தேவன் நாயர் தலைமையில் இருந்த என்டியுசி என்ற தொழிற்சங்கக் காங்கிரஸ், அரிசியும் சர்க்கரையும் நியாய விலையில் விற்கக் கூட்டுறவுக் கடை போட்டது. 1983இல் இன்னொரு கூட்டுறவு அமைப்போடு இணைந்து ஃபேர்பிரைஸ் ஆனது. விலையைக் கட்டுக்குள் வைப்பது தன் வேலை என்று அது இன்றும் சொல்லிக்கொள்கிறது. பொருள் சேவை வரி 2024 ஜனவரியில் 9 விழுக்காடானபோது, அத்தியாவசியப் பொருள் ஐந்நூறுக்கு முதல் ஆறு மாதம் 1 விழுக்காடு கழிவு கொடுத்தது நினைவிருக்கும். மெர்டேக்கா தலைமுறைக்குப் புதன்கிழமைகளில் 3 விழுக்காடு கழிவு. அத்தை இதை விடவே மாட்டார். நூறு வெள்ளிக்கு மூன்று வெள்ளி. தவறில்லை, ஆனால் அந்தக் கழிவுக்காகத் தேவையில்லாத நூறு வெள்ளியை வாங்கினால் தொண்ணூற்றேழு போச்சு.

ஷெங் சியோங் 1985இல் தொடங்கியது, லிம் சகோதரர்களுடையது. 2011இல் பங்குச் சந்தைக்கு வந்தது. வீவக வட்டாரங்களிலேயே கடை போட்டு வளர்ந்த நிறுவனம். மீனும் காயும் ஈரச்சந்தை போலக் குவித்து வைத்திருப்பார்கள், பல கிளைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். ஷிஃப்ட் முடிந்து வரும் மாப்பிள்ளைக்கு அது ஒரு வசதி. கோல்டு ஸ்டோரேஜ் 1903இலிருந்து இருக்கிற கடை. அதையும் ஜயண்டையும் மலேசியாவின் மேக்ரோவேல்யூ நிறுவனத்துக்கு விற்பதாக 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. இந்தக் குடும்பத்தின் ரசீதுகளில் இரண்டுமே அரிதாகத்தான் வருகின்றன. டான் டான் டோன்கி பேத்தியின் கடை. சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கும் ஏதேதோ ஜப்பானிய நொறுக்கும். அதை மளிகையில் சேர்க்காமல் அவள் கைச்செலவில் சேர்த்தோம்.

இரண்டு பெரிய கடைகளுக்கும் இடையே விலை வித்தியாசம் எவ்வளவு? ரசீதுகளில் ஒரே பிராண்ட், ஒரே அளவு இரண்டிலும் வாங்கியிருந்த பொருள்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டேன். ஒரு வாரம் இது மலிவு, மறுவாரம் அது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பத்து வெள்ளிகூடத் தேறவில்லை. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் கிடையாது. ஒரே விநியோகஸ்தரின் லாரிதான் எல்லாக் கடைக்கும் போகிறது. ஒருவர் விலையை இறக்கினால் அடுத்தவர் ஆள் வைத்துப் பார்த்துவிட்டுத் தானும் இறக்குவார். பெரிய வித்தியாசம் வேண்டுமானால் பிராண்டை மாற்ற வேண்டும். ஃபேர்பிரைஸ் பெயரிலேயே வரும் எண்ணெய், சர்க்கரை, டிஷ்யூ, அதேபோல ஷெங் சியோங்கின் சொந்தச் சரக்கு. விளம்பரச் செலவு இல்லாத சரக்கு அது. சர்க்கரைக்கும் உப்புக்கும் பிராண்ட் பார்ப்பவர்களை எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. காப்பித்தூளுக்குப் பார்க்கலாம்.

காசு எங்கே கசிகிறது என்று கேட்டால் நான் கையைக் காட்டுவது விலை அட்டையை அல்ல, "2 வாங்கினால்" என்ற மஞ்சள் அட்டையை. ஒன்று வாங்கினால் ஒரு விலை, இரண்டு வாங்கினால் சேர்த்து இன்னொரு விலை. தயிர், ரொட்டி, சீஸ், பழச்சாறு என்று சீக்கிரம் கெடுகிற பொருளில்தான் இந்தச் சலுகை இவர்கள் ரசீதில் அதிகம். வரிசையின் முனையில், நீங்கள் திரும்பும் இடத்தில் குவித்து வைத்திருக்கும் பிஸ்கட்டும் மீ பாக்கெட்டும் மலிவு என்பதால் அங்கே வரவில்லை. அந்த இடத்துக்குத் தயாரிப்பாளர் காசு கொடுக்கிறார். இந்தக் காசு கைமாறுவதைத் தினமும் பார்க்கிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த முனையை ஒட்டி நடக்காமல் இருப்பதே ஒரு சேமிப்பு. முட்டையோ எண்ணெயோ அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் உங்களைக் கடைக்குள் இழுக்கத்தான். முட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிற வாடிக்கையாளரைக் கடைக்காரருக்குப் பிடிக்காது.

ஒரு ரசீதில் எலுமிச்சைச் சாற்றுப் போத்தலுக்கு அலமாரி அட்டையில் இருந்ததைவிட அதிக விலை போட்டிருந்தார்கள். எந்தக் கடை என்பது வேண்டாம். சலுகை முடிந்த பிறகும் அட்டையை எடுக்க மறந்திருப்பார்கள், இது எல்லாக் கடையிலும் நடக்கும். தானே ஸ்கேன் செய்யும் கல்லாவில் போகும்போது திரையைப் பாருங்கள் என்று பெண்ணிடம் சொல்லி வைத்தேன். அவள் கண்ணுக்குத் தப்பாது.

பற்றுச்சீட்டு

வீடுகளுக்கு அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டில்தான் எனக்கு வருத்தம். 2025 மே மாதம் சிங்கப்பூரர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 500 வெள்ளி வந்தது, பாதி பேரங்காடிக்கு, பாதி ஹாக்கர் கடைகளுக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும். இவர்கள் பேரங்காடிப் பாதியை ஒரே மாதத்தில் நொறுக்குத்தீனியிலும் பெரிய டிடர்ஜென்ட் போத்தல்களிலும் கரைத்துவிட்டார்கள். இன்னொரு பாதி கோழிச்சோற்றுக்கும் பரோட்டாவுக்கும் போனது. அந்த இரண்டாம் பாதியை ஈரச்சந்தை மீன்காரரிடமும், திட்டத்தில் சேர்ந்த மளிகைக் கடையிலும் கொடுக்கலாம் என்பது அத்தைக்குத் தெரியாது. பற்றுச்சீட்டு இணைப்பு மாப்பிள்ளை கைத்தொலைபேசியில்தான் இருந்தது. சந்தைக்குப் போகிறவர் ஒருவர், பற்றுச்சீட்டு இன்னொருவர் கையில். இணைப்பை அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலை முடிந்தது. அவ்வளவு எளிதான விஷயம் இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை.

மாற்றியது

முதலில் வண்டுப் பிரச்சினை. அத்தையின் சட்டத்தை உடைக்க நான் முயலவில்லை, 25 கிலோ மூட்டை பற்றிப் பேசவும் இல்லை. 10 கிலோ அரிசி, அந்த மாதத்துக்கான இரண்டு கிலோ பருப்பு, ஒரு கிலோ உளுந்து, காற்றுப் புகாத டப்பாக்கள். "டப்பா நான் பார்த்து வாங்குறேன்" என்று அவரே முஸ்தஃபா கடைக்குப் போய் வாங்கி வந்தார். புதுப் பருப்பை நாலைந்து நாள் உறைபெட்டியில் வைத்துவிட்டு டப்பாவில் கொட்டுவது அவர் யோசனை. பருப்பில் இருக்கும் வண்டும் அதன் முட்டையும் அதில் செத்துவிடும் என்கிறார், சரியாகத்தான் இருக்கிறது.

பருப்பு, உளுந்து, மிளகாய், மல்லி, சீரகம், புளி ஆகியவற்றுக்கு மாதம் ஒரு தேக்கா நடை. அங்கே தரமும் அளவும் தேர்ந்தெடுக்க வசதி, சில்லறைப் பாக்கெட்டைவிடக் கிலோ விலை தெளிவாகக் குறைவு. ஒரு சின்னக் கணக்கு போதும்: பாக்கெட் விலையை எடையால் வகுத்து நூறு கிராமுக்கு எவ்வளவு என்று பார்ப்பது. பெண்ணுக்கு இந்த வேலையைக் கொடுத்தோம், உற்சாகமாகச் செய்கிறாள். அரிசி, எண்ணெய், சலவைத்தூள் ஆகிய கனமானவை இணையத்தில் ஆர்டர் செய்து வீட்டு வாசலுக்கே வருகின்றன. இலவச விநியோகத்துக்கு இத்தனை வெள்ளிக்கு வாங்க வேண்டும் என்ற கெடு ஒரு பொறிதான். ஆனால் மாதம் ஒருமுறை கனச்சரக்கை மட்டும் போட்டால் அந்தத் தொகை தானாகவே வந்துவிடுகிறது.

காய்கறியைத் தங்கை வீட்டுக்கு வரும் வழியில் இருக்கும் பேரங்காடிக்கு மாற்றினோம். வாரம் இரண்டு தடவை, இரண்டு நாளைக்குத் தேவையானது மட்டும். கட்டு விலை தேக்காவைவிட அதிகம்தான். அது எந்த நிறுவனத்தின் கடை என்பது இதில் முக்கியமே இல்லை. எம்ஆர்டி நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையில் வேறு கடை இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். கறிவேப்பிலைக்கு மாமா கடை. மீனுக்குச் சனிக்கிழமை காலை மார்சிலிங் லேன் சந்தை, பற்றுச்சீட்டோடு. திங்கட்கிழமை போகவேண்டாம் என்று அத்தை சொன்னார், ஈரச்சந்தைகளில் மீன்கடைகள் அன்று பெரும்பாலும் மூடியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கோயிலை யாரும் தொடவில்லை. அத்தை போகிறார், முருங்கைக்காயும் பூவும் வாங்கி வருகிறார். ட்ராலிப் பை வீட்டில் நிற்கிறது. முதல் ஞாயிறுகளில் கை சும்மா இல்லாமல் இரண்டு கட்டுக் கீரை வந்துகொண்டிருந்தது. அன்றைக்கே சமைத்துவிட்டால் பிரச்சினை இல்லை என்று விட்டுவிட்டோம்.

பலன்

மாதம் எண்ணூறு வெள்ளியை ஒட்டி இருந்த மளிகைச் செலவு, மாற்றங்கள் படிந்த பிறகு எழுநூறைச் சுற்றி நிற்கிறது. எறியும் காய் குறைந்ததுதான் இதில் பெரிய பங்கு. அடுத்தது பருப்பு வகைகளின் கிலோ விலை. மூன்றாவது "2 வாங்கினால்" அட்டையைத் தங்கை தயிரிலும் ரொட்டியிலும் ஒதுக்கியது. ஃபேர்பிரைஸா ஷெங் சியோங்கா என்ற கேள்வியிலிருந்து கிடைத்தது கடைசி இடம்.

பயன்படாமல் போனதும் உண்டு. பயனீட்டாளர் சங்கமான கேஸ் 2019இல் வெளியிட்ட 'பிரைஸ் காக்கி' செயலியை மாப்பிள்ளை ஆர்வமாகப் பதிவிறக்கினார். விலை ஒப்பீட்டுக்கு நல்ல கருவி. ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவர் நாற்பது காசுக்காக இரண்டாவது கடைக்கு நடக்கமாட்டார். சில வாரத்தில் செயலி தூங்கிவிட்டது. பிளாஸ்டிக் பைக்கு ஐந்து காசு என்ற விதி 2023 ஜூலை 3இல் வந்ததிலிருந்து தங்கை ஒரு பையைக்கூடக் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று பெருமையாகச் சொன்னாள். பிறகு பார்த்தால் குப்பைக்கென்று தனியாகப் பைக்கட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். குப்பைக்குழாயில் போடக் கட்டாயம் பை வேண்டும் என்கிற வீட்டில், வாரம் ஓரிரு ஐந்து காசுப் பையை வாங்கி அதையே குப்பைக்குப் பயன்படுத்தினால் போதும்.

மாப்பிள்ளை கடைசியாகக் கேட்டது எல்லைக்கு அப்பால் மலேசியாவில் இருக்கும் ஜோகூர் பாரு. "மச்சான், 950 பஸ் ஏறினா அங்க போயிடலாம். ஒரு வெள்ளிக்கு மூணு ரிங்கிட்டுக்கு மேல கிடைக்குது. எல்லாத்தையும் அங்கயே வாங்கிட்டா என்ன?" வூட்லண்ட்ஸ்காரர்களுக்கு இந்த எண்ணம் வராமல் இருக்காது. 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளிப் பொருளுக்கு மேல் பொருள் சேவை வரி கட்ட வேண்டும். முட்டை முப்பதுக்கு மேல் கொண்டுவர முடியாது. இவை பெரிய தடை இல்லை. பாலத்தில் வார இறுதி வரிசைதான் தடை. மணிக்கணக்கில் நின்று, காய்கறிப் பையை அந்தச் சூட்டில் சுமந்து வந்தால், தேக்காவில் நடந்ததே மறுபடி நடக்கும். கெடாத சரக்கு என்றால் பேசலாம். ஜோகூர் பாருவுக்கான ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால் நேரக் கணக்கு மாறும், அப்போது பார்க்கலாம் என்று விட்டோம். இப்போதைக்கு அவர்கள் ஜோகூருக்குப் போவது முடிவெட்டவும் சாப்பிடவும்தான். வரும்போது சலவைத்தூளும் பற்பசையும் வாங்கி வருகிறார்கள். அவை இரண்டை மட்டும் மளிகைக் கணக்கில் சேர்த்தோம்.